முற்றமும் ஓர் அறையே

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரங்களுக்கு மேலாகிறது. பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து, இரண்டு முறையும் பாதியில் நிறுத்திவிட்டேன். கண்புரை அறுவை செய்துகொண்டதனால் சில நாள்களுக்கு இரவில் எழுத வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நலம் விசாரிப்புக்கு நடுவே நீங்கள் கேட்டிருந்த கேள்வி நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிடக் கூடியதாக இல்லை. இப்போது பார்வை தெளிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். ஓய்வுபெற்ற பின்னும் ஓவிய மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு எடுத்துவருகிறேன். இந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்ட பொருளே புலம்பெயர்வும் இன்றைய கலையும் என்பதுதான். ஆகவே உங்கள் கேள்வியை, யாருடையது என்று சொல்லாமல், அவர்கள் முன்னும் வைத்தேன்.

22 ஆண்டுகள் புகலிட விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு அந்த வேலையை விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதில் நீங்கள் குறிப்பிட்டிருந்த அம்மையாரை என்னால் மறக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டில் எத்தனை அறைகள் என்று முதல் விசாரணையில் கேட்டபோது ஐந்து என்றார். பல மாதங்கள் கழித்து நடந்த இரண்டாம் விசாரணையில் நான்கு என்றார். முதல் தடவை நடுமுற்றத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். கூரையில்லாத இடத்தை அறை என்று சொல்லலாகாது என்று இடையில் யாரோ அறிவுறுத்தியதால் அடுத்த தடவை அதை விட்டுவிட்டார். கோப்பில் அது ‘முரண்பாடு’ என்று பதிவானது. முற்றம் என்றால் என்னவென்று அந்த அறையில் அவருக்கு அடுத்தபடியாக அறிந்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் கேட்டதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும், விளக்கம் தரக் கூடாது என்பது உங்கள் வேலையின் விதி. அந்த மௌனத்தை இன்றும் சுமக்கிறீர்கள். அதன் பிறகுதான் கேட்கிறீர்கள்: இதே துயரங்களை எடுத்துக் காட்சிக்கூடத்தில் வைக்கும் கலைஞர், அந்த அதிகாரியிடமிருந்து எந்த வகையில் வேறுபட்டவர்? அவரும் வாக்குமூலம் வாங்குகிறார். அவரும் தமக்கு வேண்டிய வடிவத்தில் அதை அடைக்கிறார். அவர் பெயர்தான் பலகையில் நிற்கிறது.

இந்தக் கேள்விக்குத் தகுதியான படைப்புகள் நிறைய உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தையின் படத்தை உலகமே பார்த்தது. சில மாதங்களில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக் கரையில் அந்தக் குழந்தை கிடந்தது போலவே முகம் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அகதிகளுக்காக அவர் செய்தவற்றை நான் மதிக்கிறேன். அதே தீவில் அகதிகள் கழற்றிப் போட்டுச் சென்ற 14,000 உயிர்காப்பு அங்கிகளை 2016இல் பெர்லின் இசையரங்கின் தூண்களைச் சுற்றிக் கட்டியபோது, எண்ணிக்கை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் புகைப்படத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு நடக்க முடிந்தவர், எழ முடியாத ஒரு குழந்தையின் இடத்தில் படுக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கிறிஸ்டோஃப் பூஷெல் என்ற சுவிஸ் கலைஞர் 2019இல் வெனிஸ் பைனாலே என்ற கலைக் கண்காட்சியில் வைத்த படகைப் பற்றி என் மனம் ஒரு நிலையில் நின்றதில்லை. அது செய்த படகு அன்று, மூழ்கிய படகே. 2015 ஏப்ரல் 18 இரவில், லிபியாவிலிருந்து இத்தாலியை நோக்கி வந்த அந்த மீன்பிடிப் படகு, உதவிக்கு வந்த சரக்குக் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. அதில் அடைக்கப்பட்டிருந்தவர்கள் 700 பேரிலிருந்து 1,100 பேர் வரை இருக்கலாம் என்று கணக்குகள் வேறுபடுகின்றன. உயிர் தப்பியவர்கள் 28 பேர். மறு ஆண்டில் இத்தாலியக் கடற்படை அதைத் தூக்கிச் சிசிலிக்குக் கொண்டுவந்தது. அந்த வெற்றுக் கூட்டைத்தான் ‘பார்க்கா நோஸ்த்ரா’, நம் படகு, என்ற பெயரில் வெனிஸின் பழைய கப்பற்கட்டுத் துறையில் நிறுத்தினார்கள். அருகே விளக்கப் பலகை கிடையாது. பக்கத்தில் ஒரு காப்பிக்கடை. அது என்னவென்றே தெரியாமல் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டதாக அப்போது கடுமையாக எழுதினார்கள். ஐரோப்பாவின் அலட்சியத்தை ஐரோப்பியர் நடுவிலேயே காட்டிக்கொடுத்தது அதுதான் என்று வாதாடுவோரும் உண்டு. நானும் சில காலம் அப்படியே வாதாடினேன்.

என்னை மாற்றியது இன்னொரு செய்தி. அந்தப் படகிலிருந்து எடுத்த உடல்களுக்குப் பெயர் தேடும் பணியை மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர் கிறிஸ்டினா கட்டானேயோ ஏற்றிருந்தார். பதினான்கு வயது மதிக்கத்தக்க, மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனின் மேலாடைக்குள், தைத்து மறைக்கப்பட்டிருந்த பள்ளி மதிப்பெண் அட்டை ஒன்று கிடைத்தது. போகிற இடத்தில் தன்னை யாரென்று கேட்பார்கள், கேட்டால் இதைக் காட்டலாம் என்று அந்தப் பிள்ளையோ அவன் தாயோ நினைத்திருக்க வேண்டும். அந்த அட்டையைப் பற்றி அறிந்த பிறகு, பெயர்ப்பலகை இல்லாமல் நிறுத்திவைத்த படகு எனக்குப் பெரும் பிழையாகத் தெரிகிறது. தன்னைச் சொல்லிக்கொள்ளத் தாளோடு வந்தவன் அவன். அவனைச் சுமந்த படகை ஊமையாக நிறுத்துவது எவ்வளவு பெரிய கலையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2018இல் கியூபக் கலைஞர் தானியா புருகேரா, இடம்பெயர்வோரைப் பற்றிய படைப்பு ஒன்றில், கண்ணீரை வரவழைக்கும் வாயுவை ஓர் அறையில் பரப்பி, உள்ளே வருவோரை அழவைத்ததையும் மாணவர்களிடம் சொன்னேன். ஒரு மாணவி உடனே கேட்டாள்: “வெங்காயம் நறுக்கினாலும் அழுகை வரும், அது யாருக்காக, ஐயா?” அவளுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆள்கடத்தல் பற்றி நீங்கள் தனியாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லே உங்களைப் பல ஆண்டுகள் வாட்டியது என்று படித்தபோதுதான் நானும் அதை எண்ணிப்பார்த்தேன். கடத்தல் என்ற ஒரே சொல்லால் நாம் ஆற்றைக் கடக்கவைப்பதையும் சொல்கிறோம், நாளைக் கடத்துவதையும் சொல்கிறோம், தங்கத்தைக் கடத்துவதையும் பிள்ளையைத் தூக்கிச் செல்வதையும் சொல்கிறோம். ஐக்கிய நாடுகள் அவை 2000இல் இரண்டு தனித்தனி நெறிமுறைகளை ஏற்றது: பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைப்பது ஒன்று, ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுசென்று உழைப்பையோ உடலையோ சுரண்டுவது மற்றொன்று. முதலாவதில் சிக்கியவர் குடியேற்றச் சட்டத்தின் முன் நிற்கிறார். இரண்டாவதில் சிக்கியவர் பாதுகாப்புக்கு உரியவர். உங்கள் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது என்பதில் ஒருவருடைய வாழ்வு தொங்கியிருக்கிறது. தமிழ்ச் சொல்லோ இரண்டையும் பிரிப்பதில்லை. ஆனால் ஒருவர் வாழ்க்கையிலும் அவை பிரிந்து வருவதில்லை என்று நீங்கள் எழுதியிருந்த வரி, என் வகுப்பின் தொடக்க வரியாகிவிட்டது.

அதற்குச் சான்றாக நான் காட்டியது ஐசக் ஜூலியன் என்ற பிரிட்டிஷ் கலைஞரின் ‘பத்தாயிரம் அலைகள்’. 2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களை ஏறி வந்த கடல்நீர் சூழ்ந்தது. குறைந்தது 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஃபூஜியான் மாகாணத்தவர். தரகர்களிடம் கடன்பட்டு, கேட்டுத்தான் வந்தார்கள். வந்த பிறகு யாரிடம் எவ்வளவு கூலிக்கு எந்த நேரத்தில் வேலை செய்வது என்பதில் அவர்களுக்குச் சொல்லே இல்லாமல் போயிற்று. கடத்தப்பட்டார்களா, கடந்து வந்தார்களா? அவர்கள் இறந்த பிறகும் ஊரில் குடும்பங்களின் தலையில் கடன் நின்றது. அதே ஆண்டில் பிரிட்டன், தொழிலாளர்களைத் திரட்டித் தரும் கங்காணிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் செய்தது. ஜூலியன் 2010இல் இதை ஒன்பது திரைகளில் விரித்தார். இருண்ட கடலின் மேல் மீட்புப் பணியின் உண்மையான குரல்பதிவு ஒலிக்கிறது; கடலோடிகளைக் காக்கும் மாட்ஸு என்ற சீனத் தெய்வம் வானில் மிதந்து வருகிறாள். பார்ப்பவர் எங்கே நின்றாலும் சில திரைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முழுவதையும் ஒருவராலும் பார்த்துவிட முடியாது. தெய்வத்தை இத்தனை அழகாகக் காட்டத்தான் வேண்டுமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் இறந்தவர்களை அவர்கள் வணங்கிய தெய்வம் தேடி வரட்டும் என்று நினைத்தாரே, அந்த நினைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

இந்தியாவில் கொல்கத்தாவைச் சேர்ந்த லீனா கெஜ்ரிவால் 2014 முதல் பொது இடங்களில் நிறுத்திவரும் சிறுமியின் கருநிழல் உருவங்களையும் காட்டினேன். பாலியல் தொழிலுக்குக் கடத்தப்படும் சிறுமிகளைப் பற்றியது அந்தத் திட்டம். முகம் இல்லை, ஆடையின் நிறம் இல்லை; வானத்தில் ஒரு பெண்பிள்ளை அளவுக்கு ஓட்டை விழுந்தது போல் இருக்கும். மீட்கப்பட்ட சிறுமிகளின் முகத்தைப் பாதி மறைத்துச் செய்தித்தாள்கள் வெளியிடும் படங்களைவிட அந்த ஓட்டை எனக்கு நாகரிகமானதாகத் தோன்றுகிறது.

இனி, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலுக்கு வருகிறேன். எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அதிகாரியின் கோப்பும் கலையும் பிரியும் இடம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. மொராக்கோவில் பிறந்த பூஷ்ரா கலீலி 2008க்கும் 2011க்கும் இடையில் எட்டுக் காணொளிகள் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நிலப்படம், ஒரு கை, ஒரு மைக்கோல், ஒரு குரல். முகம் வராது. தாம் வந்த பாதையை அந்தக் கை கோடாக இழுத்துக்கொண்டே போகும். எல்லைக்கோடுகளின் மேல் கோடு ஏறி, சிறைப்பட்ட ஊரில் நின்று, திருப்பி அனுப்பப்பட்ட இடத்துக்குப் பின்வாங்கி, மறுபடி வளைந்து முன்னேறும். உங்கள் விசாரணைகளிலும் நிலப்படம் மேசைமேல் இருந்திருக்கும். அதில் கோடு இழுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவின் மானிடவியலாளர் ஜேசன் டி லியோன் எழுதுகோலைப் பார்ப்பவரின் கையிலேயே கொடுத்துவிட்டார். நகரங்களின் வழியே எல்லை தாண்டுவோரைத் தடுத்து அவர்களைப் பாலைநிலத்துக்குத் தள்ளுவது என்று அமெரிக்க எல்லைக் காவல்துறை 1994இல் வகுத்த திட்டத்தின் விளைவாக, அரிசோனாவின் சொனோராப் பாலையில் இறந்தவர்கள் 3,200க்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவருக்கும் பிணவறையில் கால்விரலில் கட்டும் சீட்டு ஒன்று. பெயர் தெரிந்தவர்களுக்கு வெளிர்மஞ்சள், தெரியாதவர்களுக்கு ஆரஞ்சு. பெயர், வயது, இறந்த காரணம், உடல் கிடைத்த இடம் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் கையால் எழுதி, சுவரளவு நிலப்படத்தில் அந்தந்த இடத்தில் தொங்கவிடுகிறார்கள். பிரிந்து போகிறவனின் நிலத்தைப் பாலை என்று அழைத்து, வழியில் மடிந்தவனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம். ஒரு பெயரைக் கையால் எழுத எடுத்துக்கொள்ளும் நேரம் எத்தகைய மரியாதை என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் சிலர் அந்த முறையில் ஒரு மாலை முழுவதும் சீட்டுகள் எழுதிப் பார்த்தார்கள். பெயரில்லாத சீட்டை எழுதும்போதுதான் கை நின்றுவிடுகிறது என்று ஒருவன் சொன்னான்.

அந்த அம்மையாருக்காக நான் எடுத்துவைத்திருக்கும் படைப்பு வேறு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ உங்களுக்குப் பெயரளவில் தெரிந்திருக்கும். கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்றால் தயவுசெய்து பாருங்கள். போர்த்துக்கேயரும் பின் ஒல்லாந்தரும் இலங்கையில் நிலங்களையும் உரிமையாளரையும் பதிந்துவைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர் என்பதை எனக்கு முதன்முதலில் சொல்லித்தந்தவரே நீங்கள்தான். சனாதனன் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்த தரைப்படம் முதலில். அதை அளவுகோலுக்கு உட்படுத்திக் கட்டடக்கலைஞர் வரைந்த வரைபடம் அதன் மேல். அந்த நினைவுகளைக் கேட்டு ஓவியர் வண்ணக்கட்டியால் தீட்டிய படம் அதற்கடுத்து. ஒரே வீடு மூன்று கைகளில்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது நடுவில் இருக்கும் கட்டடக்கலைஞரின் தாள். முதல் தாளில் கை நடுங்கிய கோடுகள். கிணறு வீட்டைவிடப் பெரியது, ஏனென்றால் வரைந்தவருக்கு அது பெரியது. அளவுகோல் வைத்த உடனே கிணறு கிணற்றளவு ஆகிவிடுகிறது, எல்லாம் நேராகிவிடுகிறது, வீடு என்பது போய்க் கட்டடம் நிற்கிறது. விசாரணை அறையில் நீங்கள் இருந்த இடம் அந்த நடுத்தாள்தான், நண்பரே. அங்கே உங்களுக்கு முன்னால் இருந்த தாள் மறைந்துபோயிற்று. இந்த நூலில் அது மறையவில்லை. அம்மையார் ஐந்து என்று வரையலாம். மறுநாள் நான்கு என்று வரையலாம். முற்றமும் ஓர் அறையே என்று யாரிடமும் அவர் நிறுவ வேண்டியதில்லை. கோப்பு ஆதாரம் கேட்கிறது, தோம்பு அவர் சொன்னபடியே பதிகிறது. சனாதனன் நிலப்பதிவேட்டின் பெயரையே தம் நூலுக்கு எடுத்துக்கொண்டது ஆழ்ந்த முடிவு. பறித்தவர்களின் ஏட்டில், பறிகொடுத்தவர்கள் எழுதுகிறார்கள். அது முற்றுப்பெறாது என்பதையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

பண்பாட்டு இழப்பு என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு சொல், ஒரு கோடு, ஓர் எழுத்து அளவில்தான் நடக்கிறது. அலிகாரில் 1937இல் பிறந்த ஸரீனா ஹாஷ்மியின் குடும்பம் பிரிவினைக்குப் பிறகு கராச்சிக்குப் போய்விட்டது. அவர் ஊர் ஊராக வாழ்ந்து 2020இல் லண்டனில் இறந்தார். அவருடைய அக்கா ராணி, பெற்றோரின் மரணத்தையும் வீட்டை விற்றதையும் பற்றி உருதுவில் எழுதிய கடிதங்கள் சில தபாலில் சேர்க்கப்படாமலே கிடந்தன. பின்னாளில் அவை கைக்கு வந்தபோது ஸரீனா அந்தக் கையெழுத்தை அப்படியே அச்சாக்கி, அதன் மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் படத்தையும் மரச்செதுக்கு அச்சில் பதித்தார். உருது அறிந்தவர் படிக்கலாம்; அறியாதவருக்கு அது மழைக்கோடு போல இருக்கும். என் மாணவர்களில் ஒருவருக்கும் உருது தெரியாது. வெகுநேரம் அதன் முன் அமர்ந்திருந்தார்கள்.

மைக்கேல் ராக்கோவிட்ஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதும் எண்ணம் உண்டு. ஈராக்கை விட்டு வெளியேறிய யூதக் குடும்பத்தின் பேரன் அவர். 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோன சிலைகளை, மேற்காசிய உணவுப் பொதிகளின் தாளாலும் தகரத்தாலும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்துவருகிறார். நினிவேயின் வாயிலில் நின்று 2015இல் உடைக்கப்பட்ட சிறகுள்ள காளையை, 10,500 பேரீச்சம்பாகு டப்பாக்களால் 2018இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார். உண்மைச் சிலைபோல் தோன்ற வேண்டும் என்ற ஆசையே அவருக்கு இல்லை. போனது போனதுதான் என்பதை அந்தத் தகரம் ஒளிக்காமல் சொல்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஐரோப்பாவுக்குள் வர முயன்று இறந்தவர்களின் பட்டியலை 1993 முதல் ‘யுனைடெட்’ என்ற அமைப்பு தொகுத்துவருகிறது. துருக்கியக் கலைஞர் பானு ஜென்னெத்தோலு அதைத் தம் படைப்பு என்று சொல்லிக்கொள்வதே இல்லை. சுவர்களிலும் செய்தித்தாள்களிலும் அது வெளிவர வழி செய்வதை மட்டும் தம் வேலையாக வைத்திருக்கிறார். 2018இல் லிவர்பூல் நகரத்துத் தெரு ஒன்றின் தடுப்புச் சுவரில் 34,361 மரணங்களை ஒட்டினார்கள். நாள், பெயர், நாடு, இறந்த விதம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் பெயரில்லை என்ற குறிப்பே இருக்கும். ஒட்டியதை யாரோ கிழித்தார்கள். திரும்ப ஒட்டினார்கள், திரும்பவும் கிழித்தார்கள். பிறகு கிழிந்தபடியே விட்டுவிட்டார்கள். கடலில் போனவர்களின் பெயர்கள் தாளில் இருப்பதைக்கூடப் பொறுக்க முடியாத ஒருவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஒரு பட்டியலுக்கு அத்தனை வலிமை இருப்பதும் அவரால்தான் தெரியவந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்க்க முடியாமல் நின்றுபோன சொற்களை மட்டும் குறித்துவைத்த ஒரு நோட்டு உங்களிடம் இருப்பதாகவும், வீட்டை ஒழிக்கும்போது அதையும் எறிந்துவிட நினைப்பதாகவும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதில் யாருடைய பெயரும் வழக்கும் இல்லை, வெறும் சொற்கள்தானே என்று கேட்டிருந்தீர்கள். முற்றம், வளவு, கிணற்றடி, தலைவாசல் என்று நீங்கள் எடுத்துக்காட்டிய நான்கிலேயே ஒரு வீடு எழுந்து நிற்கிறது. வளவு என்பதற்குத் தோட்டம் என்று சொல்லிப் பார்த்தேன், காணி என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டும் பொய்யாகவே பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பொய் பட்ட இடங்கள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. எறிந்துவிடாதீர்கள். படியெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அது எந்த ஆண்டில் உங்கள் வாயில் நின்றுபோனது என்று நினைவிருந்தால் அதை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். முற்றத்துக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்